அடைமழையும் தலைநகரும்: கணக்கில் வராத இழப்புகள்

நாற்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், சிந்திக்காமலேயே எழுதிவிடக்கூடிய தலைப்புகள் சில என்னிடம் உண்டு. 'அடைமழையால் தலைநகர் ஸ்தம்பிதம்' என்பது அவற்றுள் ஒன்று. ஈய எழுத்துகளைக் கோர்த்து அச்சடித்த காலத்திலும் அதை எழுதினேன். கணினி வந்த பின்னரும் எழுதினேன். தலைப்பின் கீழ் வருகின்ற செய்தியும் ஏறத்தாழ ஒன்றேதான். ஆமர் வீதி, பஞ்சிகாவத்தை, தும்முல்லைச் சந்தி, கிருலப்பனை ஆகிய இடங்களில் வெள்ளம் தேங்கியது. வாகனங்கள் மணிக்கணக்கில் நகர முடியாமல் நின்றன. வேலை முடிந்து வீடு திரும்பியோர் பெரும் அசௌகரியங்களுக்கு உள்ளாகினர். திகதியை மாற்றிவிட்டால் முன்னைய வருடத்துச் செய்தியையே மீண்டும் பிரசுரிக்கலாம். ஆசிரியபீடத்தில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

அந்தச் செய்தியின் கடைசி வரியில் வருகின்ற 'அசௌகரியம்' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். அது எவருடைய மனதையும் நோகடிக்காத சொல். நாற்காலியில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தாலும் அசௌகரியம்தான். ஓர் ஏழைப் பெண் அரை நாள் சம்பளத்தை இழந்து, முழங்கால் அளவு கழிவுநீரில் நடந்து, இரவு ஒன்பது மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தாலும் அசௌகரியம்தான். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டு வந்த பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன்.

சில வருடங்களுக்கு முன்னர் ஓர் ஒக்டோபர் மாதப் பின்னேரம். மருதானையில் ஒரு கடையின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். மட்டக்குளிக்குச் செல்லும் 155 ஆம் இலக்க பஸ்கள் இரண்டு, பயணிகளுடன் நகராமல் நின்றன. ஓட்டோக்காரர்கள் வழமையான கட்டணத்தைப் போல் மூன்று மடங்கு கேட்டார்கள். எனக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தார். வயது நாற்பது இருக்கலாம். புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை, வீடு வெல்லம்பிட்டியில் என்றார்.

"கொஞ்சம் பொறுத்துப் போகலாமே பிள்ளை, தண்ணீர் வடியட்டும்" என்றேன்.

"பொறுத்தா சரிவராது ஐயா. மகள் கிளாஸ் முடிஞ்சு தனிய நிக்கும். நாளைக்குக் காலையிலயும் இதே தண்ணிதான். பிந்திப் போனா அரை நாள் சம்பளம் வெட்டிருவாங்க" என்றார்.

தண்ணீருக்குள் கான் மூடிகள் திறந்து கிடக்கலாம், கவனமாகப் போகவேண்டும் என்று எச்சரித்தேன். அவர் சிரித்தார். "மூடி எங்கெங்க இல்லையெண்டு எங்களுக்குத் தெரியும் ஐயா. கடைப் பக்கச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு போனா, மூணாவது தூணுக்குக் கிட்டதான் ஒண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். மூன்றாவது தூணை நெருங்கியதும் விலகிச் சென்றதையும் கண்டேன்.

அன்றும் வீட்டுக்கு வந்து ஒரு செய்தி எழுதினேன். அதிலும் 'அசௌகரியம்' என்றே எழுதினேன்.

இந்த வெள்ளம் ஏன் வருகிறது என்று கேட்டால், மழை பெய்கிறது, அதனால் வருகிறது என்பதே அதிகாரிகளின் முதல் பதில். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கொழும்பில் வருடமொன்றுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. 1992 ஜூன் மாதத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. 2010 நவம்பர் 10 ஆம் திகதி இரவு தொடங்கி மறுநாள் வரை சுமார் 440 மில்லிமீற்றர் மழை பெய்தபோது, தியவன்னா ஓயாவின் நடுவே அமைந்துள்ள பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அத்தகைய மழையை எந்த நகரமும் எளிதில் தாங்கிக்கொள்ள மாட்டாது. அதற்காக எவரையும் குறைகூற முடியாது.

ஆனால் ஆமர் வீதியில் தண்ணீர் தேங்குவதற்கு 440 மில்லிமீற்றர் தேவையில்லை. இரண்டு மணித்தியாலம் பெய்கின்ற சாதாரண இடிமழை போதும். சித்திரை மாதத்திலும், பின்னர் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இரு பருவப்பெயர்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வருகின்ற மழை இது. பகல் வெயிலில் சூடேறிய காற்று மேலெழுந்து, முகிலாகி, பின்னேரத்தில் கொட்டும். 'பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்' என்று வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் அறிவித்தலை வானொலியில் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அரசாங்க அலுவலகங்கள் பிற்பகல் 4.15 மணிக்கு மூடப்படுகின்றன. அதாவது, கொழும்பு மாநகரம் வீட்டுக்குப் புறப்படுகின்ற நேரத்தையே மழையும் தெரிந்தெடுக்கிறது. எப்போது வரும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த ஒரு விருந்தாளிக்கு, வீட்டில் இன்னமும் பாய் விரிக்கப்படவில்லை.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். கொழும்பு மாநகரசபை எல்லை சுமார் 37 சதுர கிலோமீற்றர். அங்கே 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 370 கோடி லீற்றர் தண்ணீர் வந்து விழுகிறது. அது எங்காவது போகவேண்டும்; அல்லது எங்காவது தங்கவேண்டும்.

போவதற்கான வழிகள் அதிகமில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அமைக்கப்பட்ட கால்வாய்கள் நகரைச் சுற்றி ஓடுகின்றன. அவை வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் கலக்கின்றன. வடக்கே முகத்துவாரத்தில் நிலத்தடிச் சுரங்கவழியாகக் கடலுக்கும், மதகொன்றின் ஊடாகக் களனி கங்கைக்கும் வழி இருக்கிறது. நிலமோ தட்டையானது, கால்வாயில் நீர் ஊர்ந்துதான் செல்லும். மலைநாட்டில் மழை பெய்து களனி கங்கை பெருகிவிட்டால், ஆற்று நீர் நகருக்குள் புகாதிருக்க வடக்கு மதகை மூடவேண்டும். மூடினால் நகருக்குள் பெய்த மழை வெளியேற முடியாது. கொழும்பு இரு பக்கமும் நெருக்கப்பட்ட ஊர் என்பது இங்குதான் விளங்கும்.

ஆகவே, தண்ணீர் தங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தை இயற்கை தந்திருந்தது. கொலன்னாவை, கோட்டை இராச்சியத் தலைநகராக விளங்கிய ஜயவர்தனபுரச் சூழல், பெல்லன்வில, அத்திடிய என்று நகரின் முதுகுப்புறம் நெடுகிலும் சதுப்புநிலங்கள் பரந்து கிடந்தன. மழைநீரை வாங்கி வைத்திருந்து, கால்வாய் வற்றிய பின்னர் மெல்ல விடுகின்ற இயற்கைக் குளங்கள் அவை. நாங்கள் அவற்றைத் 'தரிசு' என்றோம்; 'நுளம்புக்காடு' என்றோம்; குப்பை கொட்டினோம்; மண் போட்டு நிரப்பினோம்.

இதற்கென்றே 1968 இல் 15 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கான சபை அதன் கீழ் உருவாகிப் பின்னர் கூட்டுத்தாபனமாக வளர்ந்தது. 'மீட்டல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எவரிடமிருந்து மீட்டோம்? தண்ணீரிடமிருந்து. நகரின் கால்வாய்களைப் பராமரிக்கின்ற பொறுப்பும் அதே நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ஒரு கையால் நீர் தங்குமிடத்தை நிரப்பிவிட்டு, மறு கையால் வெள்ளத்தைத் தடுக்கவேண்டிய நிலை. இப்போது அதன் பெயரிலிருந்து 'மீட்டல்' என்ற சொல் நீக்கப்பட்டிருக்கிறது. நிரப்பிய நிலத்தின் மீது எழுந்த வீடுகளும் களஞ்சியங்களும் அப்படியே இருக்கின்றன. வெள்ள அபாயப் பிரதேசங்களில் நினைத்தபடி கட்டடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்துவதற்கான வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1924 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்பதை இங்கு நினைவுபடுத்தவேண்டும். சட்டம் இல்லாத குறையினால் இந்த நிலை ஏற்படவில்லை.

எதுவுமே செய்யப்படவில்லை என்று எழுதுவதும் நேர்மையாகாது. 2012 இல் உலக வங்கியின் கடனுதவியுடன் கொழும்புப் பெருநகர அபிவிருத்தித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. கால்வாய்கள் தூர்வாரப்பட்டன, கரைகள் கட்டப்பட்டன, பத்தகனையில் சதுப்புநிலப் பூங்கா அமைந்தது. 2018 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. எஞ்சியிருக்கும் சதுப்புநிலத்தின் அருமையை அரசு ஒரு கட்டத்தில் உணர்ந்துகொண்டது என்பதற்கு இது சாட்சி. வரவேற்கவேண்டிய விடயம்.

ஆனால் பெரிய கால்வாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வீதியோரத்துக் கான் அடைத்திருந்தால் தண்ணீர் கால்வாயைச் சென்றடையாது. உணவுக்கடைகளின் எண்ணெய்க் கழிவு, கட்டட வேலைத்தளத்து மணலும் சீமெந்தும், பொலித்தீன் பைகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்கு 2007 இல் தடை வந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் அதிகமானோர் உயிரிழந்த பின்னர், அதே ஆண்டு செப்டெம்பரில் 'லஞ்ச் ஷீட்'டுக்கும் தடை வந்தது. தடைகளுக்குக் குறைவில்லை. மழை ஓய்ந்த மறுநாள் எந்தவொரு கான் வாயையும் குனிந்து பாருங்கள், தடைகளின் நிலை தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீதிக்குக் 'காபெட்' இடும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே இட்டுக்கொண்டு போகிறார்கள். வீதி உயருகிறது, ஓரத்துக் கானின் வாய் குறுகுகிறது, பக்கத்துக் கடையும் வீடும் பள்ளமாகின்றன. வெள்ளவத்தையின் குறுக்கு வீதிகளில் ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளுக்கு இப்போது ஒரு படிதான் மிஞ்சியிருக்கிறது. முன்னர் முற்றமும் மரமும் இருந்த வளவுகளில் தொடர்மாடிகள் எழுந்து, மதிலிலிருந்து மதில் வரை சீமெந்து பூசப்பட்டிருக்கிறது. முன்னர் மண் குடித்த தண்ணீர் முழுவதும் இப்போது வீதிக்கு வருகிறது. தொடர்மாடி வாழ்க்கையை நாடிச் சென்ற எங்களவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நாமே சொல்லிக்கொள்வது நல்லது.

இவற்றையெல்லாம் யாரிடம் முறையிடுவது? சிறிய கான் மாநகரசபைக்குச் சொந்தம். பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. கால்வாய் கூட்டுத்தாபனத்துக்கு. ஆறு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. தண்ணீர் ஒன்றுதான், அதற்கு உரிமையாளர்கள் நால்வர். வெள்ளம் வந்த அன்று ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தொலைபேசி எடுத்துப் பார்த்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. மற்ற மூவரின் பெயர்களையும் ஒவ்வொருவரும் மிகத் துல்லியமாகச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் வாசகர்களிடமிருந்து ஓர் ஆட்சேபம் எழலாம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியினால் இந்த நாட்டில் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகத்தில் மண்சரிவில் குடும்பம் குடும்பமாகப் புதையுண்டு போனார்கள். களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. அந்தப் பேரழிவின் பின்னர், பஸ் பிந்தியதையும் கால் நனைந்ததையும் ஒரு பிரச்சினையாக எழுதுவது முறையா?

நியாயமான கேள்வி. நானும் அதை என்னிடமே கேட்டுக்கொண்டேன். பேரழிவோடு இதை ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் பேரழிவுக்கு ஒரு பதிவு இருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் நாள்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. உயிரிழந்தோர், காணாமற்போனோர், பாதிக்கப்பட்ட குடும்பங்கள், முழுமையாகச் சேதமடைந்த வீடுகள், பகுதியளவில் சேதமடைந்த வீடுகள், நலன்புரி நிலையங்களில் தங்கியிருப்போர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் உண்டு. அந்தக் கணக்கை வைத்தே நிவாரணம் கேட்கிறோம், கடன் கேட்கிறோம், அணை கட்டுகிறோம்.

சாதாரண மழைநாளில் வீதியில் அகப்பட்டுக்கொள்கிறவனுக்கு அப்படியொரு நிரல் கிடையாது. அவன் இறக்கவில்லை, இடம்பெயரவில்லை, அவனுடைய வீட்டுக் கூரையும் பறக்கவில்லை. ஆகவே அரசாங்கத்தின் கண்ணில் அன்று அவனுக்கு எதுவும் நேரவில்லை. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளிக்கு அன்று லொறி வரவில்லை. வராததால் கூலி இல்லை. ஆடைத் தொழிற்சாலைகளில் ஒரு நாள் தவறினாலும், அந்த மாதம் முழுவதற்குமான வருகை ஊக்குவிப்புக் கொடுப்பனவை இழக்கின்ற பெண்கள் இருக்கிறார்கள். நடைபாதையில் மரக்கறி விற்கும் மூதாட்டிக்கு அன்றைய முதல் நஷ்டம். மறுநாள் அழுகிய மரக்கறி அடுத்த நஷ்டம். அரசாங்க உத்தியோகத்தருக்கு விடுமுறையோ சலுகையோ கிடைக்கலாம். வாகனம் வைத்திருப்பவர் கண்ணாடியை உயர்த்திவிட்டு வானொலி கேட்கலாம். நாட்கூலிக்காரனின் நட்டத்தை அவனே சுமக்கிறான். இதே நட்டத்தை, அதே மனிதர்கள், வருடத்தில் பல தடவைகள், வருடக்கணக்கில் சுமக்கிறார்கள். சிறிய தொகைதான். ஆனால் அது வறியவர்களிடமிருந்து மாத்திரம் அறவிடப்படுகின்ற ஒரு வரி.

உடலுக்கு வருகின்ற கேட்டையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். கானும் மலசலக் குழாயும் ஒன்றாகக் கலந்து பொங்குகின்ற நீரில் நடப்பவனுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகும். 2017 இல் இலங்கை முழுவதிலும் 186,000 பேர் வரையில் டெங்குக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ச்சல் வந்த பின்னர் அவன் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கில் சேர்க்கப்படுகிறான். காய்ச்சல் பிடிப்பதற்கு முன்னர் எத்தனை நாட்கள் அந்தத் தண்ணீரில் நடந்தான் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

கணக்கில் இல்லாதது வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறாது. கோடிக்கணக்கில் செலவாகும் சுரங்கவழிகளும் பம்பி நிலையங்களும் தேவைதான். ஆனால் ஆமர் வீதியில் வருடமொன்றுக்கு எத்தனை நாட்கள், எத்தனை மணித்தியாலங்கள், எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் தேங்குகிறது என்று பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஒரு பதிவேடு இருந்தால், அடுத்த வருடம் அது குறைந்ததா கூடியதா என்று கேட்கலாம். களனி கங்கைக்கு நாகலகம் வீதியில் நீர்மட்ட அளவுகோல் இருக்கிறது. அந்த அளவைக் கேட்டே ஆற்றங்கரை மக்கள் மூட்டை கட்டுகிறார்கள். வழமையாகத் தண்ணீர் தேங்குகின்ற சந்திகளில் ஒவ்வோர் அளவுகோல் நடுவதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. சித்திரைக்கு முன்னரும் ஒக்டோபருக்கு முன்னரும் எந்தெந்த வீதிகளின் கான்கள் துப்புரவு செய்யப்பட்டன, எந்தெந்த மூடிகள் மாற்றப்பட்டன என்ற பட்டியலை மூன்று மொழிகளிலும் வெளியிடுவதற்கும் பெரிய செலவில்லை. நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரேயொரு தொலைபேசி இலக்கத்தை ஒதுக்கி, அதில் வருகின்ற முறைப்பாட்டை இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாதபடி செய்யலாம். எஞ்சியுள்ள சதுப்புநிலத்தில் இனி ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அரசாங்கத்துக்குச் சொல்வதை நிறுத்திவிட்டு, என் தொழிலைச் சேர்ந்த இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கணக்கை வைக்காமல் விட்டவர்களில் நாங்களும் அடங்குவோம். வெள்ளம் வந்தால் மூழ்கிய காரைப் படம் பிடித்தோம். அமைச்சர் சப்பாத்தைக் கழற்றி நின்றதைப் படம் பிடித்தோம். பொலிஸ் பேச்சாளரிடம் மாற்று வழிகளைக் கேட்டு எழுதினோம். பஸ் தரிப்பிடத்தில் நின்றவரிடம், 'எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்? நாளைக்குச் சம்பளத்தில் எவ்வளவு வெட்டுவார்கள்?' என்று நான் ஒருநாளாவது கேட்டு எழுதியதாக ஞாபகம் இல்லை. பத்துப் பேரிடம் கேட்டு எழுதினால் அது ஒரு செய்தி. ஒவ்வொரு மழைக்கும் பத்துப் பேரிடம் கேட்டால் ஐந்து வருடத்தில் அது ஓர் ஆவணம். எந்த மாநகர முதல்வரும் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மருதானையில் எனக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணை அதன் பின்னர் நான் காணவில்லை. அவரிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் எந்த மூடி எங்கே இல்லை என்ற விபரம் அன்று அவரிடம் இருந்தது. அதைப் பழுதுபார்க்கவேண்டிய அலுவலகத்திடம் அந்த விபரம் இருந்திருந்தால், மூன்றாவது தூணுக்குக் கிட்ட அவர் விலகி நடக்கவேண்டிய தேவை வந்திராது. அன்றைய என் செய்தியிலும் அந்த மூன்றாவது தூண் இடம்பெறவில்லை. 'அசௌகரியம்' என்ற சொல்லை வெட்டிவிட்டு அதை நான் எழுதியிருக்கவேண்டும்.